எக்ஸ்-ரே துண்டை யார் எழுதுவது?

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் எங்கள் பாடசாலைகளில் வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது கணுக்காலைப் பிரட்டிக்கொள்ளும். முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோம். வைத்தியர் காலை அமர்த்திப் பார்த்து, நாலடி நடக்கச் சொல்லி, "எலும்பில் ஒன்றுமில்லை, ஐஸ் வையுங்கள்" என்று அனுப்பிவிடுவார். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் திருப்தி இருக்காது. "ஒரு எக்ஸ்-ரே கூட எழுதித் தரல்லையே டீச்சர்" என்பார்கள். சிலர் அன்று பின்னேரமே தனியாரிடம் காசு கட்டிப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். படத்திலும் ஒன்றும் இருக்காது.

அந்த வைத்தியர் அசட்டையாக இருக்கவில்லை. நாலடி நடக்கச் சொன்னதுதான் பரிசோதனை. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1992இல் வெளியிட்ட 'ஒட்டாவா கணுக்கால் விதிகள்' உலகம் முழுவதும் பயன்படுகின்றன. கணுக்காலில் அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலானோருக்குப் படம் எடுத்தாலும் எலும்பு முறிவு காணப்பட்டது நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் குறைவாகத்தான். அப்படியானால் மிச்சப் பேருக்கு எதற்காகப் படம் என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. கணுக்காலின் இரு பக்கத்து முட்டி எலும்புகளின் பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 சென்ரிமீற்றர் வரை, விரலால் அமர்த்தும்போது எலும்பிலேயே நோவு இருக்கிறதா? அடிபட்ட உடனும் இப்போதும் நாலடி எடுத்து வைக்க முடியாமல் இருக்கிறதா? இதில் ஒன்றுக்காவது 'ஓம்' என்றால் படம் எடு. இரண்டுக்கும் 'இல்லை' என்றால் தேவையில்லை. பாதத்துக்கும் இதே போல இரண்டு இடங்கள் உண்டு. விதி இவ்வளவுதான்.

இதைப் படித்ததும் ஆசிரியை என்ற முறையில் எனக்கு முதலில் தோன்றியது, இது கற்பிக்கக்கூடிய விஷயம் என்பதுதான். ஐந்து வருட மருத்துவப் படிப்பு முடித்தவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை அல்ல இது. நன்றாகப் பயிற்றப்பட்ட ஒரு தாதி செய்யலாம். பல நாடுகளில் செய்கிறார்கள்.

நம் நாட்டில் எக்ஸ்-ரே துண்டில் வைத்தியரின் கையொப்பம்தான் செல்லும். நான் இருப்பது பள்ளிமுனை. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் அந்தப் பெரிய பெருக்க மரத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்களே, அதே ஊர். எங்களுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை பக்கத்தில்தான். ஆனால் தலைமன்னார்க்காரருக்கு அது தீவின் மறு முனை. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கத்து மக்களுக்கு இன்னும் தூரம். கடலில் தோணி விளிம்புக்கும் இயந்திரத்துக்கும் இடையில் விரலைக் கொடுத்தவர், பனையிலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் சறுக்கியவர் எல்லோரும் வந்து வரிசையில் குந்தி, வைத்தியரைக் கண்டு, துண்டு வாங்கி, படம் எடுத்து, திரும்பவும் அதே வரிசையில் வந்து குந்த வேண்டும். முதலாவது வரிசையிலேயே ஒரு தாதி பார்த்து, தேவையென்றால் துண்டை எழுதி அனுப்பிவிட்டால், வைத்தியரிடம் போகும்போது படம் கையில் இருக்கும். தேவையில்லையென்றால் படமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஐக்கிய இராச்சியத்தில் இது பழைய செய்தி. அங்கே சிறு காயங்களுக்கென்றே தாதியர் நடத்தும் பிரிவுகள் இருக்கின்றன. ஷெபீல்ட் நகரின் வைத்தியசாலை ஒன்றில் சிறு காயங்களுடன் வந்த 1453 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைப் பயிற்றப்பட்ட தாதியரும் மறு பகுதியை இளம் வைத்தியரும் பார்த்தார்கள். முடிவு 1999இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. முக்கியமான தவறு ஏற்பட்டது தாதியரிடம் 9.2 வீதம், வைத்தியரிடம் 10.7 வீதம். பெரிய வித்தியாசம் இல்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. நோயாளி சொன்ன வரலாற்றை ஒழுங்காக எழுதி வைப்பதில் மட்டும் தாதியர் முன்னே நின்றார்கள். எக்ஸ்-ரே விஷயத்தில் பாதி வேலை அந்த எழுத்துதான் என்பதால் இதை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை.

ஏன் என்று விளங்க, எக்ஸ்-ரே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 1895 நவம்பரில் ஜேர்மனியின் வூட்ஸ்பேர்க் நகரில் ரொஞ்சன் அதைக் கண்டுபிடித்தார். சில வாரங்களில் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் மட்டும் தெரிந்தன. ஒன்பது வருடம் போவதற்குள், 1904இல், எடிசனின் ஆய்வுகூடத்தில் எக்ஸ்-ரே குழாய்களுடன் வேலை செய்த கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர் புற்றுநோயால் இறந்துபோனார். பரிசோதிக்கத் தன் சொந்தக் கைகளையே திரும்பத் திரும்பக் கதிருக்குக் காட்டியவர் அவர். இந்தக் கதிருக்கு உடம்பின் கலங்களுக்குள் இருக்கும் மரபுப் பொருளை உடைக்கும் சக்தி உண்டு. உடம்பு பெரும்பாலும் அதைச் சரிசெய்துகொள்ளும். எப்போதாவது தவறலாம்.

இதைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஒவ்வொரு மனிதனுக்கும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேட் கதிர்வீச்சு எப்படியும் கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்-ரே ஒன்றில் கிடைப்பது 0.02 மில்லிசீவேட் அளவு. அதாவது வீட்டில் சும்மா இருந்தாலும் மூன்று நாளில் சேரும் அளவு. கை, கால் படங்களுக்கு அதைவிடக் குறைவு. முதுகெலும்பின் அடிப்பகுதிப் படம் என்றால் சில மாதக் கணக்கு. வயிற்றுக்கு எடுக்கும் சீ.ரி. ஸ்கேன் சில வருடக் கணக்கு. ஆகவே 'எக்ஸ்-ரே கூடாது' என்பதும் பிழை, 'எடுத்து வைத்தால் நல்லதுதானே' என்பதும் பிழை. 1928இல் தொடங்கிய சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு நோயாளிகளுக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று உச்ச வரம்பு விதிப்பதில்லை. தேவையான படத்தை வரம்பு சொல்லி மறுக்கக் கூடாது என்பது அதற்குக் காரணம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்கிறது. இந்தப் படத்தால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் கதிர் எவ்வளவு குறைந்தாலும் அது வீண் கதிர்.

அந்த நியாயத்தைக் காட்டும் இடம்தான் துண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 2018 பெப்ரவரி 6 முதல் நடைமுறையில் இருக்கும் ஒழுங்குவிதிகள் வேலையை மூன்றாகப் பிரிக்கின்றன. படம் கேட்பவர் ஒருவர். கேட்டதில் நியாயம் இருக்கிறதா என்று பார்ப்பவர் இன்னொருவர். எடுப்பவர் மூன்றாமவர். ஒரே ஆள் இரண்டு வேலை செய்யலாம், ஆனால் பொறுப்புகள் தனித்தனி. கேட்பவர் வைத்தியராகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பதிவு பெற்ற சுகாதாரத் தொழிலாளராக இருக்க வேண்டும், வைத்தியசாலை நிர்வாகம் அவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். அந்த அதிகாரம் திறந்த காசோலை அல்ல. எந்த உறுப்புகளுக்குக் கேட்கலாம், எந்தக் காரணங்களுக்குக் கேட்கலாம் என்று வரையறுத்திருப்பார்கள். முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் மட்டும் கேட்கலாம் என்று ஒரு தாதிக்கு எழுதியிருந்தால் அவர் இடுப்புக்குப் படம் கேட்க முடியாது. துண்டில் போதிய தகவல் இல்லாவிட்டால் படம் எடுப்பவர் அதைத் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் யாரும் கோபிக்கக் கூடாது. இரண்டு பூட்டுப் போட்ட கதவு மாதிரி.

இங்கே 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் எக்ஸ்-ரே இயந்திரத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இயந்திரம் வரைக்கும் கவனமாக இருக்கும் நாம், இயந்திரத்துக்கு ஆளை அனுப்பும் துண்டைப் பற்றிப் பேசுவது குறைவு.

துண்டில் எங்கே பிழை வரும்? முதலாவது பெயரில். நம் சமூகத்துக்கு இது தனிப் பிரச்சினை. என் வகுப்பு இடாப்பிலேயே பாத்திமா என்று தொடங்கும் பெயர் பதினொன்று. முகம்மது என்று தொடங்குவதை எண்ணவே வேண்டாம். முதலெழுத்துகளும் வாப்பாவின் பெயரும் கூட ஒத்துப்போகும் ஊர்கள் இவை. கிளினிக்கில் "பாத்திமா" என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழும்புவார்கள், காது கேளாத நாலாவது பெத்தாவும் சேர்ந்து எழும்புவார். பயிற்றப்பட்ட தாதி "நீங்கள் பாத்திமா றிஸ்னாவா?" என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் அவசரத்தில் யாரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். "விளங்கினதா பிள்ளைகளே?" என்றால் வகுப்பு முழுக்க "ஓம் டீச்சர்" என்பது போல. "உங்கள் முழுப்பெயர் என்ன? பிறந்த திகதி என்ன? எந்த ஊர்?" என்று மூன்றையும் நோயாளியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

அடுத்தது பக்கம். எதிரே நிற்பவரின் வலது கை நமக்கு இடப்பக்கம் தெரியும். முதலாம் வகுப்புக்குக் கை அசைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த எந்த ஆசிரியைக்கும் இது தெரியும். வலது, இடது என்பதை ஓர் எழுத்தாகச் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுதப் பழக்க வேண்டும். பிறகு மொழி. துண்டு ஆங்கிலத்தில். நோயாளி சொல்வது தமிழில். சிங்களம் மட்டும் தெரிந்தவர் மன்னாருக்கு நியமனம் பெற்று வருவது புதிதல்ல. "கரவலை இழுக்கும்போது தோள் கழன்ற மாதிரி வந்தது" என்று கிழவர் சொன்னது துண்டில் 'தோள் நோவு' என்று சுருங்கிவிட்டால், படம் எடுப்பவருக்கு எதைத் தேடி எந்தக் கோணத்தில் எடுப்பது என்று தெரியாது. தமிழ் தெரிந்த உள்ளூர்த் தாதி ஒருவர் எழுதினால் இந்த இடத்தில் பெரிய லாபம்.

பழைய படங்கள் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். போன மாதம் எடுத்த படம் அலுமாரிக்கு மேலே கிடக்க இன்றைக்குப் புதிதாக ஒன்று எடுப்பது நம் ஊர்களில் சர்வ சாதாரணம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கேள்வி. "கர்ப்பமாக இருக்கிறீர்களா? கடைசி மாதவிடாய் எப்போது?"

வயிறு, இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி ஆகியவற்றைப் படம் எடுக்குமுன் குழந்தை பெறக்கூடிய வயதுள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் இதைக் கேட்க வேண்டும். ஒக்ஸ்போர்ட்டில் அலிஸ் ஸ்டுவர்ட் என்ற பெண் வைத்தியர் 1956இலும் 1958இலும் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த பாடம் இது. கர்ப்ப காலத்தில் தாயின் வயிற்றுக்கு எக்ஸ்-ரே எடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதை அவர் கண்டார். அந்தக் காலத்தில் வயிற்றுப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கக்கூட எக்ஸ்-ரே எடுத்தார்கள். தாய்மாரிடம் கேள்விக்கொத்து கொடுத்துத்தான் அவர் இதைக் கண்டுபிடித்தார். பல வருடம் பலர் நம்ப மறுத்தார்கள்.

நம் ஊரில் இந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது? வரிசை நிற்கும் இடத்தில், பக்கத்தில் மாமியும் மச்சானும் நிற்க, சத்தமாக. கலியாணம் முடிக்காத பிள்ளை என்றால் உம்மாவே முந்திக்கொண்டு "அதெல்லாம் இல்லை மிஸ்ஸி" என்று கோபமாகச் சொல்வார். கலியாணம் முடித்தவள் என்றால் நாள் தள்ளிப்போயிருப்பது இன்னும் வீட்டில் சொல்லாத விஷயமாக இருக்கும். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். சில இடங்களில் சங்கடத்தை நினைத்துக் கேட்பதே இல்லை. வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று படித்த சமூகம் நாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா நாயகி அவர்கள் புகழ்ந்ததையும் நாம்தான் படித்திருக்கிறோம். மாதவிடாய் பற்றிய சட்டங்களை அவர்கள் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு பெண் தாதி செய்யக்கூடியதை அவசரத்தில் இருக்கும் ஆண் வைத்தியர் செய்ய முடியாது. திரை போட்ட ஓர் ஓரம் வேண்டும். கூட வந்தவர்களை, மாமியாக இருந்தாலும், இரண்டு நிமிடம் வெளியே நிற்கச் சொல்ல வேண்டும். இது எல்லாரிடமும் கேட்கும் கேள்வி என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் கலியாணம் முடிக்காத பிள்ளைக்கும் அவமானமாகத் தோன்றாது. கழுத்துப் படத்துக்கு ஹிஜாப் ஊசியையும் சங்கிலியையும் கழற்ற வேண்டும், நெஞ்சுப் படத்துக்குத் தாயத்தையும் உலோகக் கொழுக்கி வைத்த உள்ளாடையையும் கழற்ற வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால் படத்தில் அவை வெள்ளையாக விழுந்து, இரண்டாவது தரம் கதிர் வாங்க வேண்டி வரும்.

கேள்வி கேட்கப்படாமலே படம் எடுத்து, பிறகு கர்ப்பம் என்று தெரியவந்தால்? இதற்கும் தாதிக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பெண் முதலில் வந்து அழப்போவது அவரிடம். கரு பெற்ற கதிரின் அளவு 100 மில்லிகிரேக்குக் கீழே என்றால், கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பதற்கு நியாயம் இல்லை என்று அதே சர்வதேச ஆணைக்குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நெஞ்சு எக்ஸ்-ரேயில் கருவுக்குப் போவது ஒரு மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கைக்கும் காலுக்கும் எடுத்தால் கணக்கில் எடுக்கத் தேவையே இல்லை. இடுப்புக்கு எடுத்த சாதாரண எக்ஸ்-ரேகூட 100இன் கிட்டத்திலும் வராது. ஆனால் "எக்ஸ்-ரே எடுத்துட்டாய், பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும், கலைச்சுப்போடு" என்று அயலில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருக்கலைப்பு இந்த நாட்டுச் சட்டத்தில் குற்றம். மார்க்கத்தில் அதன் பாரம் நமக்குத் தெரியும். கள்ளத்தனமாகக் கலைக்கப் போய்த் தாயும் போகக்கூடும். அயலவரின் ஒரு சொல்லுக்கும் பயிற்றப்பட்ட தாதியின் ஒரு சொல்லுக்கும் இடையில் இரண்டு உயிர் இருக்கிறது.

"தாதியருக்கு அதிகாரம் கொடுத்தால் கண்டவருக்கெல்லாம் படம் எழுதிவிடுவார்களே" என்று ஒரு பயம் உண்டு. பயிற்சி இல்லாமல் கொடுத்தால் நடக்கும். இரண்டு நாள் கருத்தரங்கு வைத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதை நான் பயிற்சி என்று சொல்லவில்லை. ஆசிரியர் கலாசாலையில் எங்களை உடனே வகுப்பில் தனியே விடவில்லை. பாடக் குறிப்பு எழுத வேண்டும், விரிவுரையாளர் பின் வாங்கில் இருந்து பார்ப்பார், முடிந்ததும் குறிப்பில் சிவப்பு மையால் எழுதுவார். அதே மாதிரி தாதியும் முதல் ஐம்பது துண்டை எழுதட்டும், வைத்தியர் பார்த்துக் கையொப்பமிடட்டும். எத்தனை படத்தில் முறிவு தெரிந்தது, எத்தனை வீண், முறிவு இருந்தும் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார் என்று மாதம் ஒரு முறை கணக்குப் பார்க்கட்டும். விதி எங்கே செல்லாது என்பதையும் கற்பிக்க வேண்டும். சீனி வருத்தம் முற்றிக் கால் மரத்துப்போனவரிடம் 'அமர்த்தினால் நோகிறதா?' என்று கேட்டு அனுப்பிவிட முடியாது. முறிந்த காலோடும் அவர் நாலடி நடப்பார். சின்னப் பிள்ளைகளுக்கும் வேறு கணக்கு. அதோடு படம் கேட்பது வேறு, படத்தை வாசித்துத் தீர்ப்புச் சொல்வது வேறு. இரண்டாவது வைத்தியரின் வேலையாகவே இருக்கட்டும்.

வைத்தியர் அல்லாதவரை நம்புவது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. எங்கள் பெத்தாமார் காலத்தில் கிராமத்து டிஸ்பென்சரியை நடத்தியவர் அப்போதிக்கரி. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாக வீடு வீடாகப் போன மருத்துவமாதுக்கள்தான் இலங்கையின் தாய் மரணங்களைக் குறைத்ததில் பெரும் பங்கு எடுத்தார்கள். கையில் ஒரு பையும் சைக்கிளும்தான்.

இந்த இடத்தில் நம் சமூகத்திடமும் ஒரு கேள்வி இருக்கிறது. வைத்தியசாலையில் பெண் தாதி வேண்டும், தமிழ் தெரிய வேண்டும், நம் பழக்கவழக்கம் விளங்க வேண்டும் என்று கேட்கிறோம். பிள்ளையை அந்தப் படிப்புக்கு அனுப்பச் சொன்னால் இரவு வேலை, சீருடை, ஆண் நோயாளிகள் என்று அடுக்குகிறோம். சீருடை பற்றிய கவலை உண்மையானது, அதைச் சுகாதார அமைச்சுடன் நம் பிரதிநிதிகள் பேசத்தான் வேண்டும். ஆனால் அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருபைதா என்ற பெண்ணின் கூடாரத்தில். காயப்பட்டவர்களுக்கு மருந்திடுவது அவருடைய வேலை. இதைக் கொத்பாவில் கேட்கிறோம், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

எங்கள் பாடசாலையில் இம்முறை சாதாரண தரம் எழுதும் மாணவிகளில் விஞ்ஞானத்தில் கெட்டிக்காரிகள் மூன்று பேர். உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, வைத்திய பீடம் கிடைக்காவிட்டால் தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி மூன்று வீட்டுக்கும் போனேன். ஒரு வாப்பா உடனே சரி என்றார். ஓர் உம்மா யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது வீட்டுக்கு நோன்புக்குப் பிறகு திரும்பவும் போக வேண்டும்.